கண்டங்கள் நெருப்புக் குழம்பில் மிதக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டங்கள் காலப்போக்கில் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வது பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். பாஞ்சியா என்ற ஒற்றைப் பெருநிலம் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளக்கத் தொடங்கியது முதல் இன்றைய உலகப் படம் வரை நிகழ்ந்தவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி எழுதியிருந்தார்கள். அதற்கு என் பாராட்டுகள். ஆனால் கட்டுரையின் நடுவில், பூமிக்குள் கொதிக்கும் நெருப்புக் குழம்பின் மீது கண்டங்கள் படகுகளைப் போல மிதந்து செல்கின்றன என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கண்ட நகர்வு என்ற கருத்தை அறிஞர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஏற்க மறுத்ததற்கும், இன்றும் மாணவர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதற்கும் இந்தப் படகுக் காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இதைச் சிறு பிழை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

இதே காட்சியை நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் பணியாற்றிய பள்ளியில், மேசை மீது பெரிய நீலத்தாள் ஒன்றை விரித்து, அட்டையில் வெட்டிய ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் அதன்மேல் ஒட்டினாற்போல் வைத்து, தென் அமெரிக்காவை மட்டும் மேற்கே மெல்லத் தள்ளிக் காட்டுவது என் வழக்கம். ஒருமுறை நான் அப்படித் தள்ளியபோது அட்டையின் மேற்கு விளிம்புக்கு முன்னால் இருந்த நீலத்தாள் சுருங்கி, ஒரு மடிப்பு அட்டைக்கு அடியில் நுழைந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி அந்த மடிப்பின் மீது விரலை வைத்து, "படகு போனால் தண்ணீர் விலகி வழிவிடும், கண்டம் போனால் அதற்கு முன்னால் இருக்கிற கடலடிப் பாறை எங்கே போகும், சார்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தாளைக் கையால் நீவிச் சரிசெய்துவிட்டு, இது தேர்வுக்கு வராது என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்த மாணவி கேட்டதுதான், 1920களில் புவியியற்பியல் அறிஞர்கள் ஆல்பிரட் வெகனரைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெர்மானிய வானிலை ஆய்வாளரான வெகனர் 1912 ஜனவரியில் தம் கருத்தை முதன்முதலாக அறிஞர் கூட்டத்தில் முன்வைத்தார். 1915இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் காட்டிய சான்றுகள் வலுவானவை. உள்நாட்டு நீர்நிலைகளில் வாழ்ந்த மெசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவற்றின் புதைபடிவங்கள் தென் அமெரிக்காவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் மட்டுமே கிடைக்கின்றன. நடுவில் இருக்கும் அகன்ற பெருங்கடலை அது நீந்திக் கடந்திருக்க முடியாது. குளோசாப்டெரிஸ் என்ற தாவரத்தின் நாக்கு வடிவ இலைகள் இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய நான்கு நிலங்களின் பாறைகளிலும் பதிந்திருக்கின்றன. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிர்விட்ட ஸ்காட் குழுவினர், நடக்கவும் வலுவில்லாத நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோகிராம் பாறைத் துண்டுகளைக் கைவிடாமல் இழுத்து வந்திருந்தார்கள். அவற்றிலும் இதே இலைகள் இருந்தன. பனிக்கட்டியே நிலமாகத் தெரியும் அண்டார்க்டிகாவில் ஒரு காலத்தில் காடு இருந்தது என்பதற்கும், அந்தக் காடு மற்ற தென்னிலங்களின் காட்டோடு உறவுடையது என்பதற்கும் அந்தத் துண்டுகளே சான்று.

சான்றுகள் இருந்தும் வெகனர் தோற்றது, கண்டங்கள் எப்படி நகர்ந்தன என்ற இடத்தில்தான். கடலடிப் பாறையைக் கிழித்துக்கொண்டு கண்டங்கள் முன்னேறுகின்றன என்று அவர் கருதினார். பூமியின் சுழற்சியும் சூரிய சந்திரர்களின் ஈர்ப்பும் அவற்றைத் தள்ளுவதாகச் சொன்னார். ஹெரால்ட் ஜெஃப்ரிஸ் போன்றோர் கணக்கிட்டுப் பார்த்து, இந்த விசைகள் தேவையானதில் மிகமிகச் சிறு பங்குகூட இல்லை என்றும், உறுதியான கடலடிப் பாறையை அதைவிட வலிமை குறைந்த கண்டப் பாறை கிழித்துப் போக வழியே இல்லை என்றும் காட்டினார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. வெகனர் 1930 நவம்பரில் கிரீன்லாந்தின் பனிவெளியில் இறந்தபோது, அவருடைய கருத்தைப் பெரும்பாலோர் கைவிட்டிருந்தனர்.

கண்டங்கள் நகர்வதில்லை என்று கொண்டவர்கள், ஒரே வகை உயிரினங்கள் கடலுக்கு இருபுறமும் இருப்பதை விளக்க, இடையில் நிலப்பாலங்கள் இருந்து பின்னர் மூழ்கிவிட்டன என்று சொன்னார்கள். தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான லெமூரியா என்ற பெயரும் அப்படிப் பிறந்ததே. லெமூர் இன விலங்குகளின் பரவலை விளக்குவதற்காக, பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் அப்பெயரைச் சூட்டினார். நிலங்கள் நகர்ந்தன என்று தெரிந்த பிறகு அந்தப் பாலங்களுக்குத் தேவையில்லாமல் போயிற்று. மேலும், கண்டத்தின் பாறை கிரானைட்டைப் போன்ற எடை குறைந்த பாறை. கடலடியின் பாறை பசால்ட் என்ற அடர்த்தி மிகுந்த எரிமலைப் பாறை. எடை குறைந்த ஒரு கண்டம் முழுவதுமாக இறங்கி ஆழ்கடலின் தரையாக மாறுவதற்கு இயற்பியல் இடம் தருவதில்லை.

விடை கிடைத்த இடம் கடலடி. அதைக் கண்டதில் மேரி தார்ப் என்ற பெண்மணிக்கு இருக்கும் பங்கைத் தமிழில் மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், ஆய்வுக் கப்பல்களில் பெண்களை ஏற்றாத அந்தக் காலத்தில், புரூஸ் ஹீசனும் மற்றவர்களும் கடலில் எடுத்து வந்த ஆழ அளவுகளை மேசையில் அமர்ந்து வரைபடமாக்குவது அவருடைய பணி. 1952 வாக்கில், வட அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்த பயணங்களின் அளவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்துகொண்டிருந்தபோது, கடலின் நடுவே எழும் மலைத்தொடரின் உச்சியில், எல்லாக் கோடுகளிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில், கூரிய பள்ளம் ஒன்று இருப்பதைக் கவனித்தார். நிலம் இருபுறமும் இழுக்கப்பட்டு விரிவதால் ஏற்படும் பிளவுப் பள்ளத்தாக்கு அது என்று அவருக்குத் தோன்றியது. ஹீசன் அதைப் பெண்களின் வெறும் பேச்சு என்று முதலில் ஒதுக்கிவிட்டார். பக்கத்து மேசையில் இன்னொருவர் நிலநடுக்க மையங்களைப் படத்தில் குறித்துக்கொண்டிருந்தார். இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நிலநடுக்கப் புள்ளிகள் அந்தப் பள்ளத்தின் வழியே வரிசையாக அமைந்திருந்தன. அதன் பின் மறுப்பதற்கு ஏதும் இருக்கவில்லை. உலகப் பெருங்கடல்கள் அனைத்தின் அடியிலும் சுற்றிவரும் அந்த மலைத்தொடரின் நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர்.

அந்தப் பிளவில் புதிய கடல்தரை பிறக்கிறது, பிறந்தது இருபுறமும் விலகிச் செல்கிறது என்று ஹாரி ஹெஸ் 1962இல் எழுதினார். மறு ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. பூமியின் காந்தப்புலம் காலந்தோறும் வடக்கு தெற்காகத் தலைகீழாக மாறுவதுண்டு. கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பசால்ட் குழம்பு ஆறி இறுகும்போது அன்றைய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. ஆகவே கடல்தரை நடுவில் பிறந்து இருபுறமும் நகர்வது உண்மையானால், மலைத்தொடருக்கு இருபக்கமும் நேர்த்திசை, எதிர்த்திசை என்று மாறிமாறிப் பட்டைகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்று பிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963இல் வாதிட்டார்கள். லாரன்ஸ் மோர்லி என்ற கனடா நாட்டவரும் தனியாக இதையே எழுதியிருந்தார், ஆய்விதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. பட்டைகள் அப்படியே இருந்தன. 1968இல் குளோமர் சேலஞ்சர் என்ற கப்பல் தென் அட்லாண்டிக்கின் அடியைத் துளையிட்டுப் பார்த்தபோது, மலைத்தொடரிலிருந்து தள்ளிப்போகப் போகக் கடல்தரையின் வயதும் கூடிக்கொண்டே போயிற்று.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது வயதுக் கணக்குதான். கண்டங்களில் 400 கோடி ஆண்டு பழமையான பாறை கனடாவில் இருக்கிறது. பெருங்கடல்களின் தரையிலோ 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறையைக் காண்பதே அரிது. கடல் பழமையானது, கடலின் தரை இளையது. அப்படியானால் பழைய தரை எங்கே போயிற்று?

இங்கேதான் படகுக் காட்சியை விட்டுவிட வேண்டியிருக்கிறது. பூமியின் மேற்பகுதி, சராசரியாக 100 கிலோமீட்டர் அளவு தடிமனுள்ள விறைப்பான தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு தட்டில் கண்டமும் இருக்கும், கடலடியும் இருக்கும். ஆப்பிரிக்கத் தட்டு என்பது ஆப்பிரிக்கா மட்டும் அன்று. அட்லாண்டிக்கின் நடு மலைத்தொடர் வரையுள்ள கடல்தரையும் அதில் அடக்கம். பசிபிக் தட்டில் கண்டம் என்று சொல்லத்தக்க நிலம் மிகச் சிறிதளவே உண்டு. ஆனாலும் வேகமாக நகரும் தட்டுகளுள் அதுவும் ஒன்று. கண்டம் தட்டில் ஏறியமர்ந்த பயணி, நகர்வது வண்டி. ஆகவே ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் கடலைக் கிழித்துக்கொண்டு விலகவில்லை. இரண்டுக்கும் நடுவில் கடல்தரை புதிதாகப் பிறந்து பிறந்து சேர, இரண்டும் விலகின. ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 கோடி ஆண்டுகளில் 4,000 கிலோமீட்டர் ஆகிறது. நம் விரல் நகம் வளர்வதும் ஏறத்தாழ இந்த வேகத்தில்தான்.

அடுத்தது நெருப்புக் குழம்பு. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் என்ற அடுக்கு திடப்பொருள். இதை நாம் நிலநடுக்க அலைகளைக் கொண்டு உறுதியாக அறிந்திருக்கிறோம்: இரண்டாம் நிலை அலைகள் என்று நாம் பாடத்தில் சொல்லும் குறுக்கலைகள் திரவத்தின் ஊடே செல்ல மாட்டா, அவை கவசத்தின் ஊடே தாராளமாகச் செல்கின்றன, அதற்கும் கீழே திரவமாக உள்ள வெளிக் கருவத்தில் நின்றுவிடுகின்றன. திடப்பொருள் எப்படி நகரும் என்று கேட்கலாம். உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருகிவிடுவதில்லை, ஆனால் வளைந்து கொடுக்கிறது. பனியாறு முழுவதும் கட்டியான பனிதான், ஆனால் மலைச்சரிவில் ஆறு போலவே இறங்குகிறது. அப்படியே கவசமும் மிகுந்த வெப்பத்தில், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில், திடமாக இருந்துகொண்டே ஊர்கிறது. எரிமலையில் நாம் காணும் குழம்பு கீழே ஏதோ நெருப்புக் கடல் இருப்பதால் வருவதன்று. நடுக்கடல் மலைத்தொடர்களில் தட்டுகள் விலகும்போது அடியிலுள்ள பாறை மேலெழுந்து, அதன்மேல் இருந்த அழுத்தம் குறைவதால் ஒரு சிறு பங்கு மட்டும் உருகி வெளிவருவது. பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் கவசத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பூசி வரைகிறோம். அதன் மேற்பகுதியில் மிகுதியாக உள்ள கனிமம் ஆலிவின். எரிமலைகள் எப்போதாவது மேலே கொண்டுவரும் கவசப் பாறைத் துண்டு கையில் கிடைத்தால், அது பச்சை நிறமாக இருக்கும்.

தட்டுகளை நகர்த்துவது எது என்பதிலும் நாம் பழைய விளக்கத்தையே சொல்லி வருகிறோம். கீழே வெப்பச்சலனம் சுழல்கிறது, அந்தச் சுழற்சி தட்டுகளைச் சுமந்து செல்கிறது என்று ஆர்தர் ஹோம்ஸ் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொன்னது பெரும் முன்னேற்றம். பூமியின் உள்வெப்பமே இதற்கெல்லாம் அடிப்படை என்பதில் மாற்றமில்லை. ஆனால் இன்று பெரும்பாலான அறிஞர்கள் முதன்மையான விசையாகக் கருதுவது, தட்டு தன் எடையால் தானே தன்னை இழுத்துக்கொள்வதைத்தான். மலைத்தொடரில் சூடாகப் பிறந்த கடல்தரை, விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து, தடித்து, அடர்த்தி கூடி, கடைசியில் அடியிலுள்ள கவசத்தைவிடக் கனமாகிவிடுகிறது. ஆழ்கடல் அகழிகளில் அது மற்றொரு தட்டுக்குக் கீழே வளைந்து இறங்கும்போது, மேசை விளிம்பில் தொங்கும் துணி மீதித் துணியையும் இழுத்து வருவதுபோல, முழுத் தட்டையும் இழுக்கிறது. வடக்கு, மேற்கு விளிம்புகளில் நீண்ட அகழிகள் உள்ள பசிபிக் தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் நகர்வதும், அகழிகள் மிகக் குறைந்த அட்லாண்டிக்கைச் சுற்றியுள்ள தட்டுகள் மெதுவாக நகர்வதும் இதனால்தான். இறங்கும் தட்டுகளில் நிகழும் நிலநடுக்கங்கள் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆழம் வரை பதிவாகியுள்ளன. அவை இறங்கும் பாதையை நமக்குக் கோடு போட்டுக் காட்டுகின்றன.

இந்திய நிலம் வடக்கே வந்த கதையும் இதுவே. அதற்கும் ஆசியாவுக்கும் இடையில் இருந்த டெத்திஸ் பெருங்கடலின் தரை ஆசியாவின் அடியில் இறங்கி இழுத்ததால்தான், ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அது வந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்தரை தீர்ந்து, எடை குறைந்த கண்டப் பாறையே அகழிக்கு வந்தபோது, அது இறங்க மறுத்து மடிந்து உயர்ந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருப்பது, கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்களைக் கொண்ட சுண்ணாம்புப் பாறை.

இவையெல்லாம் ஊகமாக இருந்த காலம் போய்விட்டது. 1980களில், மிகத் தொலைவிலுள்ள விண்பொருள்களின் ரேடியோ அலைகள் இரு கண்டங்களிலுள்ள ஏற்பிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு, ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகுவதை நேரடியாக அளந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்வதால், 1994ஆம் ஆண்டு நிலையில் வகுத்த அந்நாட்டின் வரைபட ஆள்கூறுகள் 2020க்குள் 1.8 மீட்டர் பிசகிப்போக, அவற்றைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று.

செய்தித்தாளுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது என்று கருதுகிறேன். 2018 மார்ச்சில் கென்யாவில் கனமழைக்குப் பின் நிலத்தில் பெரும் வெடிப்பு தோன்றியபோது, ஆப்பிரிக்கா கண்ணெதிரே இரண்டாகப் பிளக்கிறது என்று உலகெங்கும் செய்திகள் வந்தன. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவு உண்மைதான். ஆனால் அது விரிவது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில். அந்த வெடிப்பில் பெரும்பங்கு, மென்மையான எரிமலைச் சாம்பல் மண்ணை மழைநீர் அரித்துச் சென்றதால் நேர்ந்தது என்று புவியியலாளர்கள் பலர் விளக்கினார்கள். அந்த விளக்கத்துக்கு முதற்செய்திக்குக் கிடைத்த இடத்தில் பாதியும் கிடைக்கவில்லை. அதே சமயம், தட்டு விளிம்புகள் பூட்டிக்கொண்டு பல நூறு ஆண்டு நகர்வைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் விடுவிப்பதும் உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவின் ஒரு பகுதி 2.4 மீட்டர் கிழக்கே நகர்ந்தது; அகழியை ஒட்டிய பகுதியில் பாறைகள் 50 மீட்டர் வரை வழுக்கின. நிலம் குழம்பில் மிதக்கிறது என்று நம்பும் வாசகருக்கு, இந்த இரண்டு செய்திகளில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று பிரித்தறிய வழியில்லை.

ஆகவே தாங்கள் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றும், இயன்றால் கடல்தரையின் வயதை வண்ணங்களால் காட்டும் உலகப் படம் ஒன்றை அரைப் பக்கத்திலாவது அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்தில் அட்லாண்டிக்கின் நடுவிலிருந்து இருபுறமும் இளமையிலிருந்து முதுமைக்கு நிறம் மாறிச் செல்வதைப் பார்த்த பிள்ளைக்கு, பிறகு யாரும் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகையைப் படிப்பவளாக இருந்தால் அவளுக்கு நான் தர வேண்டியிருந்த பதில் இது. தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கடலடிப் பாறை நாஸ்கா என்ற தட்டைச் சேர்ந்தது. அது பெரு–சிலி அகழியில் வளைந்து கண்டத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது தன்னோடு கொண்டுபோகும் நீர், மேலேயுள்ள கவசப் பாறை உருகும் வெப்பநிலையைக் குறைத்துவிடுவதால்தான் ஆண்டீஸ் மலைத்தொடரில் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அன்று அட்டையின் விளிம்புக்கு அடியில் நீலத்தாள் மடிந்து நுழைந்ததே, அது சரியாகத்தான் நுழைந்தது; நான் அதை நீவிவிட்டிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்